மலிவு எதில் வேண்டும்?

என் நாவல் ஒன்றில் வில்லன் பழங்காலத்து ரிவால்வர் ஒன்றை எடுத்து, விசையை மட்டும் படபடவென்று அழுத்தி ஆறு குண்டுகளையும் தீர்த்துவிடுகிறான். அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர், "ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்தாலொழிய அது சுடாது, ஐயா!" என்று எழுதினார். வெட்கத்தால் கொஞ்சம் படித்தேன். படித்ததில் கோபம் வந்தது.

அந்த நாட்டில் இந்த ரகத்துச் சின்னஞ்சிறு .22 ரிவால்வர்களை வைத்து ஒரு ஜாதிச் சண்டையே நடக்கிறது. 1953-ல் ரூகர் கம்பெனி கொண்டுவந்த 'சிங்கிள் சிக்ஸ்' எஃகு உடல், விலை உயர்ந்தது. ஹெரிடேஜ் கம்பெனியின் 'ரஃப் ரைடர்' கலப்பு உலோகம். விலை மிகக் குறைவு. ஒரு கட்சி "தகர டப்பா!" என்கிறது. மறு கட்சி "இரண்டிலும் ஒரே தோட்டாதானே!" என்கிறது. இரண்டும் மெருகைப் பற்றிப் பேசுகின்றன. உயிரைப் பற்றிப் பேசவில்லை.

1873-ம் வருஷத்துக் கோல்ட் ரிவால்வரில் ஊசி சுத்தியோடு சேர்ந்தே இருந்தது. கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தைத்தான் நிரப்பினார்கள். ரூகர் 1973-ல் சுத்திக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு எஃகுப் பட்டையை வைத்தது. விசையை முழுக்க அழுத்தினாலொழிய சுத்தியின் அடி ஊசிக்குப் போகாது. பழைய துப்பாக்கிகளுக்கும் அதை இலவசமாகவே மாட்டிக் கொடுத்தது. ரஃப் ரைடரிலோ பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல். ஞாபகமாக அதைத் திருப்பினால்தான் காவல்.

ஏழைக்குக் கொடுக்கிற விலைக்கு அவ்வளவுதான் முடியும் என்பீர்களா? முடியும். 2019-ல் அதே ரூகர் 'ராங்லர்' என்று ஒரு மலிவுச் சரக்கை விட்டது. உடல் அலுமினியக் கலப்பு, குறிமுனையை நகர்த்த முடியாது, பளபளப்பும் இல்லை. ஆனால் அந்தப் பட்டை இருக்கிறது!

மெருகைக் குறையுங்கள்; உலோகத்தைக் குறையுங்கள்; வாங்குகிறவனுக்குச் சம்மதம். காவலை மட்டும் அவன் ஞாபகசக்தியின் தலையில் கட்டாதீர்கள். மறதி மனித சுபாவம். சென்ற அத்தியாயத்தில் செத்தவனை அடுத்த அத்தியாயத்தில் காப்பி குடிக்க வைத்தவன் நான். என் மறதிக்குத் தண்டனை ஒரு வாசகர் கடிதம். அவன் மறதிக்கு?