டர்ட் பைக் சஸ்பென்ஷன்: அடியைத் தாங்குவது ஸ்பிரிங்... ஆளைக் காப்பாற்றுவது ஆயில்!

வங்கிக்குள் நுழைகிறீர்கள். நீங்கள் தள்ளிவிட்ட கதவு படாரென்று அடிக்காமல் மெதுவாக வந்து, சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. கதவின் மேலே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் ஆயிலும் இருக்கின்றன. கதவை இழுத்து மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. வேகமாக மூடிவிடாமல் பிடித்துக்கொள்வது ஆயிலின் வேலை. ஆயில் கசிந்துபோன கதவு என்ன செய்யும்? பின்னால் வருபவரின் விரல் ஜாக்கிரதை!

டர்ட் பைக்கின் சஸ்பென்ஷனும் இதே கதைதான். என்ன, கதவுக்குப் பதிலாக 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக்கும் அதன்மேல் ஒரு மனிதரும் மேட்டிலிருந்து பறந்து வந்து தரையில் இறங்குகிறார்கள். அங்கே ஆயில் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால், போவது விரல் மட்டும் அல்ல.

ஸ்பிரிங் கடன் வாங்கும்... திருப்பியும் கொடுக்கும்!

பைக் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. ஆனால், வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது. அடுத்த நொடியே கிட்டத்தட்ட அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங் மட்டும் இருக்கும் பைக், பள்ளத்தைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டே போகும்.

மோட்டோகிராஸ் டிராக்கில் இது இன்னும் ஆபத்து. மேட்டின் சரிவில் ஏறும்போது பின்பக்க ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும். டயர் தரையை விட்டு எழும் நேரத்தில் அது சட்டென்று விரிந்தால், பைக்கின் பின்பக்கம் மேலே எகிறும், முன்பக்கம் கீழே கவிழும். ரைடர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார்.

இதைத் தடுப்பதுதான் டேம்பிங். ஸ்பிரிங் வாங்கிய சக்தியை ஆயில் உராய்வின் மூலம் சூடாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் ரேஸ் முடிந்து வந்த பைக்கின் ஷாக் அப்ஸார்பர், தொட முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூடு, ரைடரைத் தூக்கி எறிந்திருக்க வேண்டிய சக்தி!

உள்ளே என்ன நடக்கிறது?

வாளித் தண்ணீருக்குள் கையை விரித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள், எளிதாக நகரும். வேகமாக அசைத்தால் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். ஷாக் அப்ஸார்பருக்குள் நடப்பதும் இதுதான். ஆயில் நிரம்பிய ஒரு குழாய், அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன், பிஸ்டனில் ஓட்டைகள். அந்த ஓட்டைகளை மூடியபடி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய ஸ்டீல் வாஷர்கள். இவற்றை ‘ஷிம்’ என்பார்கள். ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் தடிமன் இருக்கும். பிஸ்டன் நகரும்போது ஆயில் இந்த ஷிம்களை வளைத்துக்கொண்டு வழி தேடுகிறது. ஷிம் அடுக்கு எவ்வளவு விறைப்போ, டேம்பிங்கும் அவ்வளவு அதிகம்.

பிஸ்டனின் ஒரு பக்கம் உள்ள அடுக்கு, சஸ்பென்ஷன் அமுங்கும்போது வேலை செய்கிறது. இது கம்ப்ரஷன். மறுபக்க அடுக்கு, அது விரியும்போது வேலை செய்கிறது. இது ரீபவுண்ட். இரண்டும் தனித்தனி என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் ‘லோ ஸ்பீடு’, ‘ஹை ஸ்பீடு’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. இது பைக்கின் வேகம் அல்ல, பிஸ்டன் நகரும் வேகம். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்குவது, வளைவில் சாய்வது எல்லாம் லோ ஸ்பீடு. 20 கி.மீ. வேகத்தில் மெதுவாகப் போனாலும், கூரான கல்லில் சக்கரம் மோதினால் அது ஹை ஸ்பீடு!

1973-ல் வந்த திருப்பம்

1970-களின் தொடக்கத்தில் மோட்டோகிராஸ் பைக்குகளில் பின்பக்கம் இரண்டு ஷாக் அப்ஸார்பர்கள் இருந்தன. சக்கரம் மேலும் கீழும் நகர்ந்த தூரம் சுமார் 100 மி.மீ. மட்டுமே. பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு, டேங்குக்குக் கீழே ஒரே ஒரு நீளமான ஷாக் அப்ஸார்பரைப் படுக்கவைத்தார். அந்த யோசனையை வாங்கிக்கொண்டது யமஹா. 1973-ல் ஸ்வீடன் வீரர் ஹாக்கன் ஆண்டர்சன் அந்த பைக்கில் 250 சிசி உலக சாம்பியன் ஆனார். அதன் பெயர்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த ‘மோனோஷாக்.’

அதன் பிறகு சக்கரம் நகரும் தூரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. இன்றைய மோட்டோகிராஸ் பைக்குகளில் முன்னும் பின்னும் சுமார் 300 மி.மீ. தூரம் அதிகமானால் ஆயில் கரைக்க வேண்டிய சக்தியும் அதிகம், சூடும் அதிகம். சூடானால் ஆயில் நீர்த்துப்போகும். வேகமாகக் கலங்கினால் நுரைத்தும் போகும். நுரையால் எதையும் எதிர்த்துத் தள்ள முடியாது. அதைத் தடுக்கத்தான் ஷாக் அப்ஸார்பரோடு ஒட்டிய சிறு உருளையில் நைட்ரஜன் வாயுவை அடைத்து, ஆயிலை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

முதலில் கை வைக்க வேண்டியது எங்கே?

பைக் உதைக்கிறது என்றதும் பலரும் ஸ்க்ரூ டிரைவரோடு க்ளிக்கரைத் தேடுவார்கள். க்ளிக்கர் என்பது டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகு. ஒவ்வொரு படிக்கும் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும். ஆனால், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ‘ஸேக்.’ அதாவது, ரைடர் ஏறி நின்றதும் பைக் எவ்வளவு அமுங்குகிறது என்ற கணக்கு.

இதற்கு மூன்று பேரும் ஒரு டேப்பும் போதும். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஓர் இடத்தைக் குறித்து அளந்துகொள்ளுங்கள். 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு பைக்கைத் தரையில் இறக்குங்கள். ரைடர் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஃபுட்பெக்கில் ஏறி நிற்கட்டும். ஒருவர் பைக்கைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். 497 மி.மீ. வந்தால், ஸேக் 103 மி.மீ. சுமார் 300 மி.மீ. நகரும் மோட்டோகிராஸ் பைக்குக்கு 100 முதல் 105 வரை சரியான அளவு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அளவு கூடினால் ஸ்பிரிங்கின் ப்ரீலோடு நட்டை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் ஸ்பிரிங் அதேதான், பைக்கின் உயரம்தான் மாறுகிறது.

அடுத்து, ரைடர் இறங்கிய பிறகு பைக் தன் எடைக்கே எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்று அளக்க வேண்டும். 30 முதல் 40 மி.மீ. வரை இருந்தால் ஸ்பிரிங் அந்த ரைடருக்குப் பொருத்தம். அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் அவருடைய எடைக்கு மெலிசு. ரொம்ப அதிகமாக இருந்தால் கடினம். கேட்க நேர்மாறாகத் தோன்றும். ஆனால், மெலிசான ஸ்பிரிங்கில் ரைடரின் எடையைத் தாங்கவைக்க ப்ரீலோடை அளவுக்கு மீறி இறுக்கியிருப்போம். அதனால் ஆள் இறங்கியதும் பைக் முழுக்க எழுந்து நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்கே தப்பாக இருந்தால் எந்த க்ளிக்கரும் உதவாது.

பைக் பேசும்... காது கொடுங்கள்!

ஸேக் சரியான பிறகுதான் க்ளிக்கர். வலப்பக்கம் திருகினால் டேம்பிங் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். எந்தத் திருகு கம்ப்ரஷன், எது ரீபவுண்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பைக்கோடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

* மேட்டில் ஏறும்போது பின்பக்கம் உதைத்து எறிகிறதா? ரீபவுண்ட் போதவில்லை. கூட்டுங்கள்.

* முதல் இரண்டு குழிகளில் சொகுசாக இருந்து, தொடர்ந்து வரும் குழிகளில் கட்டையாக அடிக்கிறதா? ரீபவுண்ட் அதிகம். ஒரு குழியில் அமுங்கியது விரிவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. படிப்படியாக அமுங்கி, கடைசியில் நகர இடமே இல்லாமல் போகிறது. குறையுங்கள்.

* குதித்து இறங்கும்போது ‘டங்’ என்று முழுக்க அமுங்கி இடிக்கிறதா? கம்ப்ரஷனைக் கூட்டுங்கள். ஒரு ரவுண்டில் ஓரிரு முறை, பெரிய குதியில் மட்டும் லேசாக இடித்தால் கவலை வேண்டாம். சஸ்பென்ஷனை முழுதாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

* சின்னக் கற்களில்கூட முன்சக்கரம் தெறிக்கிறதா? முன்கை கல்லாக இறுகுகிறதா? கம்ப்ரஷன் அதிகம். குறையுங்கள்.

இரண்டாவது அறிகுறியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டையாக அடித்ததும் கம்ப்ரஷனைக் குறைப்பார்கள். பைக் இன்னும் சீக்கிரம் அமுங்கிப்போகும். வியாதி ரீபவுண்டில், மருந்து கம்ப்ரஷனில்!

ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு, அதிலும் இரண்டே க்ளிக். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். அதே பாதையில், அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு திருகுகளை ஒரே நேரத்தில் மாற்றினால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

நம் ஊர் பைக்குகளில்?

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கில் முன்சக்கரம் 190 மி.மீ., பின்சக்கரம் 170 மி.மீ. நகரும். 2023-ல் வந்த அதன் ‘ப்ரோ’ மாடலில் இது 250, 220 மி.மீ. ஆனது. கூடவே, ஓட்டுபவர் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷனும் வந்தது. விலை உயர்ந்த ரேஸ் பைக்குகளில் மட்டுமே இருந்த திருகுகள் இப்போது நம் பட்ஜெட்டுக்கு அருகில் வந்துவிட்டன.

திருகே இல்லாத சாதாரண பைக்கிலும் டேம்பிங் உண்டு. முன் ஃபோர்க்கில் இருக்கும் ஆயில்தான் அது. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட ஃபோர்க் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தொப்பென்று விழுந்து எழுந்தால், ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது பிரேக்கிங்கோடு சம்பந்தப்பட்ட விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நைட்ரஜன் அடைத்த ஷாக் அப்ஸார்பரை வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே இருப்பது சுமார் 10 பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். க்ளிக்கரையும் கடைசிவரை போன பிறகு பலம்கொண்டு இறுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஊசி வால்வு கெட்டுப்போகும்.

புது எக்ஸாஸ்ட், புது ஹேண்டில்பார் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன்னால், ஒரு டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு பைக்கின் அருகில் அரை மணி நேரம் உட்காருங்கள். செலவே இல்லாமல் பைக் மாறும். முக்கியமாக, ஓட்டப் போனவர் முழுசாக வீடு திரும்புவார்!