சிலுவை அவளுக்கு மட்டுமா?

கணவனின் அடியைத் தாங்குவதும் சிலுவை சுமப்பதே என்று நம்மில் பலர் இன்றும் அறிவுரை கூறுகின்றனர். காவல் நிலையத்தை நாடும் பெண்ணைக் குடும்ப மானம் கெடுத்தவள் எனத் தூற்றுகின்றனர். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

மனைவியைக் கொடுமைப்படுத்துவோரைப் பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரத்தை 1983-இல் வந்த 498-அ பிரிவு காவல்துறைக்கு அளித்தது. அவ்வதிகாரம் தவறாகவும் கையாளப்பட்டது. படுத்த படுக்கையான முதியோர்கூடக் கைதாயினர். எனவே 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவையை ஆராய்ந்து, காரணத்தை எழுத்தில் பதிந்தே கைது செய்யவேண்டும் என்றது. இது நீதியே.

ஆயினும் அத்தீர்ப்பு கைதைத் தடைசெய்யவில்லை. மீண்டும் குற்றம் நிகழாது தடுக்கவும், சாட்சி மிரட்டப்படாது காக்கவும் கைது செய்யலாம். அடிபட்டவள் அடித்தவனோடு அதே கூரையின்கீழ் இரவைக் கழிக்கவேண்டிய நிலையில் இக்காரணங்கள் இல்லையென எவ்வாறு சொல்வது? "சமாதானமாய்ப் போங்கள்" என்று அவளைத் திருப்பியனுப்புவது தீர்ப்பை மதிப்பதாகாது. கடமையைக் கைகழுவுவதே ஆகும். கைகழுவிய பிலாத்துவை நாம் அறிவோம்.

திருச்சபையும் அவளை அடிபடச் சொல்லவில்லை. ஆன்மாவுக்கோ உடலுக்கோ பேராபத்து விளைவிக்கும் துணையைப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டம் 1153 இடமளிக்கிறது. சிலவேளை அப்பிரிவு அறநெறித் தேவையே எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதினார்.

ஆகவே நம் பங்குகளும் அன்பியங்களும் அவளுக்குப் பொறுமையைப் போதிப்பதை நிறுத்தி, காவல் நிலையம்வரை துணை செல்லட்டும். சிலுவை அன்பினால் விரும்பி ஏற்பது. பிறர் தோளில் சுமத்துவதன்று.