எட்டுப் படத்தில் இரண்டு எட்டு

"ஆயா நடக்கலம்மா, வழுக்கிக்கிட்டே போறாங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான் மகன்.

பிளஸ் ஒன் விடுமுறையில் ஒரு குட்டி வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறான். கதை ரொம்ப எளிது. ஆயா லாஸ்பேட்டை வீட்டிலிருந்து கிளம்பி, ஹெலிபேட் மைதானத்தைச் சுற்றி, தெருநாய்களுக்கும் ஸ்கூட்டர் பழகுகிறவர்களுக்கும் தப்பித்து, பான்லே பூத்தில் பால் வாங்கித் திரும்ப வேண்டும். ஆயா என்பது என் அம்மா. நிஜத்தில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அதைத்தான் செய்கிறார்.

கேமில் ஆயாவின் உயரம் 32 கட்டம். பிக்ஸல் ஓவியம் என்றதும் பயந்துவிடாதீர்கள். கிராஃப் நோட்டில் பூ வரைந்து, அதைப் பார்த்து மேஜை விரிப்பில் கிராஸ் ஸ்டிச் போட்ட கை உங்களுடையது என்றால், அதே சமாசாரம்தான். ஒரு தையல் தள்ளிப்போனால் கிளியின் மூக்கு யானைத் தும்பிக்கை ஆகிவிடும். மாரியோவுக்கு மீசை வந்ததே இதனால்தான். 1981-ல் 'டாங்கி காங்' கேமுக்காக அவரை வரைந்த ஷிகேரு மியாமோட்டோவுக்கு அத்தனை சின்ன முகத்தில் வாய் வரைய இடம் இல்லை, மீசை வைத்தார். தலைமுடி வரையக் கஷ்டம், தொப்பி போட்டுவிட்டார்.

ஆயா படம் அழகாகவே இருந்தது. கொண்டை, கண்ணாடி, கையில் மஞ்சள் பை. ஆனால் ஓடவிட்டால் பனிச்சறுக்கு. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடுகின்றன, தலை ஒரே கோட்டில் நூல் பிடித்த மாதிரி போகிறது. முதன்முதலில் நடை வரைகிற எல்லோருக்கும் இப்படித்தான் வருமாம்.

ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்று ஓர் அனிமேஷன் மேதை. 1988-ல் வந்த 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தின் கார்ட்டூன் பாத்திரங்களை நடமாட வைத்தவர். 2001-ல் வெளிவந்த அவருடைய பாடப்புத்தகத்தில் ஓர் எட்டு வைப்பதை நான்கு நிலையாகப் பிரிக்கிறார். முன்கால் குதிகால் தரையைத் தொடுவது ஒன்று. உடம்பின் பாரம் அந்தக் காலில் இறங்க, முழங்கால் மடிந்து உடம்பு தாழ்வது இரண்டு. பின்கால் அதைக் கடந்து வருவது மூன்று. பாதத்தை ஊன்றி உடம்பு உயர்வது நான்கு. பிறகு அடுத்த காலுக்கு இதே நான்கு. ஆக, எட்டுப் படத்தில் இரண்டு எட்டு.

பையன் வரைந்ததில் முதலாவதும் மூன்றாவதும் மட்டும் இருந்தன. தாழ்வதும் உயர்வதும் இல்லாததால் ஆயாவுக்கு எடையே இல்லை, காற்றடைத்த பொம்மை. இரண்டாவது படத்தில் இடுப்புக்கு மேலே மொத்தத்தையும் ஒரே ஒரு பிக்ஸல் இறக்கி, நான்காவதில் ஒரு பிக்ஸல் ஏற்றினான். அவ்வளவுதான், ஆயா தரையில் நின்றார்.

வழுக்கல் மட்டும் போகவில்லை. டிரெட்மில்லில் நடப்பவரைப் பாருங்கள், விஷயம் புரியும். ஊன்றிய பாதம் பட்டையோடு ஒட்டிக்கொண்டு, பட்டை போகும் வேகத்திலேயே பின்னால் போகும். கேமிலும் அதே கணக்கு. தரை ஒரு படத்துக்கு 2 பிக்ஸல் நகர்ந்தால், ஊன்றிய பாதமும் ஒவ்வொரு படத்திலும் சரியாக 2 பிக்ஸல் பின்னால் போக வேண்டும். ஒன்றில் 3, இன்னொன்றில் 1 என்று வைத்தால் சறுக்கும். இவன் கண் மதிப்பில் வைத்திருந்தான். என் பையன் ஆயிற்றே, சாம்பாருக்கு உப்பும் அப்படித்தான் போடுவான்.

அப்புறம் சில்லறை வேலைகள். இடது காலோடு வலது கை முன்னால் வர வேண்டும். அப்பால் இருக்கிற காலுக்கும் கைக்கும் ஒரு சாயல் கருமையான நிறம் கொடுத்தால்தான் எது எந்தக் கால் என்று கண்ணுக்குப் பிடிபடும். முதல் நான்கு படத்தை நகல் எடுத்து, கால் கைகளின் நிறத்தை மட்டும் மாற்றிப் போட்டால் மீதி நான்கும் ஏறக்குறைய தயார். இதற்கெல்லாம் லிப்ரெஸ்பிரைட் என்ற இலவச மென்பொருள் போதும். முந்தைய படத்தை மங்கலாக அடியில் காட்டும் வசதி அதில் இருக்கிறது.

எல்லாம் சரியான பிறகு ஆயா நன்றாகவே நடந்தார். ஆனால் அது எங்கள் ஆயா இல்லை, யாரோ ஒரு பாட்டி. 'திருவிளையாடல்' படத்தில் மீனவராக வரும் சிவாஜியின் நடையைப் பாருங்கள். முகத்தை மறைத்துவிட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவோம். ஆயா நடையில் அப்படி ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது.

"வீடியோ எடுத்துப் பார்த்து வரையேன்" என்றேன். புது யோசனை இல்லை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கேமை 1989-ல் வெளியிட்ட ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் இளவரசனை வரைந்தார். அதற்கு நூறு வருஷம் முன்பே எத்தியென் ஜூல் மரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கறுப்பு உடை மாட்டிய ஆளின் கை கால்களில் வெள்ளைக் கோடு ஒட்டி, கறுப்புத் திரை முன்னால் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். படத்தில் ஆள் தெரியாது. நடை மட்டும் கோடு கோடாகத் தெரியும்.

மறுநாள் காலை மைதானத்தில் பேரன் பக்கவாட்டில் நின்று போனில் படம் பிடித்தான். "இன்னாடா, கல்யாண வீடியோவா?" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தார் அம்மா.

போன் வீடியோவில் நொடிக்கு 30 படம். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணியவன், சாயங்காலம் என்னிடம் வந்தான். "ம்மா, ஆயா இடது கால் தரையில இருக்கறது 23 படம். வலது கால் 19தான். நாலஞ்சு தடவ எண்ணிட்டேன்."

நான்கு படம் என்றால் நொடியில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எப்படித் தெரியும்? வலிக்கிற காலில் பாரம் நிற்கிற நேரத்தை உடம்பு தானாகவே குறைத்துக்கொள்ளும். சீக்கிரம் அடுத்த காலுக்கு மாறிவிடும். கேட்டதற்கு முதலில் "ஒண்ணுமில்ல" என்றார். பேரன் போனை நீட்டியதும், நான்கைந்து மாதமாக வலது முழங்கால் வலிப்பதை ஒப்புக்கொண்டார். "சொன்னா நீ கிரவுண்டுக்குப் போகாதன்னுவ." சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், பொய் சொல்வானேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மூட்டுத் தேய்மானத்தின் ஆரம்பம், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி செய்யுங்கள், நடையை நிறுத்தாமல் தூரத்தை மட்டும் இப்போதைக்குக் குறையுங்கள் என்றார். மூன்று சுற்று ஒன்றரை ஆனதில் அம்மாவுக்கு என் மேல் இன்னும் கோபம்.

கேம் ஆயா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படம் கூடப் புதிதாக வரையாமல் பையன் நேரத்தை மட்டும் மாற்றினான். எல்லாப் படத்துக்கும் 125 மில்லிநொடி என்று இருந்தது. இடது கால் தாங்குகிற நான்குக்கும் 140, வலது கால் தாங்குகிற நான்குக்கும் 110 வைத்தான். ஓடவிட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்படியே அம்மா.

அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான்தான் இது. ஆனா கண்ணு, எனக்கு வலிச்சா இதுக்கும் வலிக்கணுமா? நல்லா நடக்க விடு."

மாற்றிவிட்டான், எல்லாமே 125. பழையதையும் அழிக்காமல் வேறு பெயரில் வைத்திருக்கிறான், எனக்குத் தெரியும்.

"அந்தப் பை இன்னாடா ஆடவே மாட்டேங்குது? உள்ள ரெண்டு பால் பாக்கெட் இருக்குது" என்றார் அடுத்ததாக. சரியான கேள்வி. கையில் தொங்குகிற பொருள் கையோடு கூடவே திரும்பாது, சற்றுத் தாமதித்துத்தான் திரும்பும். பையை மட்டும் ஒரு படம் பிந்தி வரும்படி இப்போது வரைந்துகொண்டிருக்கிறான்.