நூற்றுக்கு எழுபது வாக்கு

ஒரு பாட்டு தோற்றுப்போனதற்காக நாடாளுமன்றத்தில் வினா எழுப்பினார்கள் என்று சொன்னால் நம் நேயர்களில் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டில் அது நிகழ்ந்தது. ஒரு கட்சியார் மட்டுமன்று; ஒருவரோடொருவர் எதிலும் ஒத்துப்போகாத பல கட்சியாரும் அந்த ஒரு பொருளைப் பற்றி அரசு ஒலிபரப்பு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டனர். என்ன அப்படிப்பட்ட பாட்டு, எதற்காக அத்தனை கொதிப்பு என்பதை இம்மாதம் இப்பகுதியில் எழுத விரும்புகிறேன்.

முதலில் போட்டியைப் பற்றிச் சில சொற்கள். ஐரோப்பிய நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி 1956ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஒரு பாட்டுப் போட்டியைத் தொடங்கின. முதலாண்டில் வந்தவை ஏழு நாடுகள். யூரோவிஷன் என்று பெயர் பெற்ற அப்போட்டிக்குப் பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பாடகரை அனுப்பும் காலமும் வந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டுத்தான். அந்த ஒரு பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். சிலர் அறைக்குள் அமர்ந்து முடிவு செய்துவிடுவர். சுவீடன் நாட்டாரோ 1959 முதல் அதற்கென்று தனிப் போட்டி வைத்து, அதையே திருவிழாவைப் போலக் கொண்டாடி வருகின்றனர். ஐரோப்பாவில் இந்த உள்நாட்டுத் தேர்வுகளை ஆண்டுதோறும் நாடு நாடாகப் பின்தொடரும் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. பெரிய போட்டியைக் காட்டிலும் தேர்வில்தான் சுவை மிகுதி என்பது அவர்கள் கட்சி. வீட்டுக்குள் நடக்கும் சண்டைதானே சண்டை!

ஸ்பெயின் 1961இல் இப்போட்டியில் சேர்ந்தது. 1968இலும் 1969இலும் வென்றது. 1969இல் வேறு மூன்று நாடுகளுடன் வெற்றியைப் பங்கிட்டுக்கொண்டது. அதன் பிறகு வெற்றி இல்லை. 2015 முதல் 2021 வரை அது பங்கேற்ற எல்லா ஆண்டுகளிலும் 21ஆம் இடமோ அதற்குக் கீழோதான் கிடைத்தது. இந்த அவமானம் பொறுக்காமல், கிழக்குக் கடற்கரையிலுள்ள பெனிடோர்ம் என்னும் உல்லாச நகரில் ஒரு புதிய தேர்வு விழாவை 2022 ஜனவரியில் அரசு ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கிற்று. மக்கள் நெடுநாள் கழித்து மனம் ஒன்றிப் பார்த்த தேர்வு அது.

இறுதிச் சுற்றில் எட்டுப் பாட்டுகள். பேச்செல்லாம் மூன்றைப் பற்றியே. ஒன்று, தான்ஷுகேய்ராஸ் என்னும் மூன்று மங்கையர் கலீசிய மொழியில் பாடிய ‘டெர்ரா’. அதற்கு ‘மண்’ என்று பொருள். கையில் கஞ்சிராவைப் போன்ற பறை. தொண்டையில் கிராமத்துப் பெண்டிரின் பழைய குரல். அவற்றோடு இக்காலத்து மின்னிசை. இரண்டாவது, ரிகோபெர்டா பண்டினி என்பவர் தாய்மையைப் பற்றிப் பாடிய பாட்டு. மூன்றாவது, ஷனெல் டெரேரோ என்னும் நடனமணி ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து பாடிய ‘ஸ்லோமோ’. இசை நாடக மேடைகளில் பல்லாண்டு உழைத்தவர் அவர். மூச்சு வாங்காமல் ஆடிக்கொண்டே பாடுவது அவருக்குக் கைவந்த கலை.

வாக்கு முறை இது: நடுவர் குழுவுக்கு நூற்றுக்கு ஐம்பது பங்கு, நாடெங்குமிருந்து பொறுக்கி எடுத்த பொதுமக்கள் மாதிரிக் குழுவுக்கு இருபத்தைந்து, தொலைபேசியில் வாக்களிக்கும் பொதுமக்களுக்கு இருபத்தைந்து. ஜனவரி 29ஆம் நாள் இரவு முடிவு வந்தது. ஷனெல் 96 புள்ளி, பண்டினி 91, தான்ஷுகேய்ராஸ் 90. பின்னர்த் தொலைபேசி வாக்குகளின் விவரம் வெளியாயிற்று. அங்கேதான் தீ பற்றியது. தான்ஷுகேய்ராஸுக்கு விழுந்தவை நூற்றுக்கு 70.75. பண்டினிக்கு 18.08. வென்ற ஷனெலுக்கோ 3.97!

நாள் முழுவதும் எண்களோடு மாரடிக்கும் வேலை என்னுடையது. ஆகவே இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்காமல் என்னால் மேலே போக முடியவில்லை. நேயர்கள் பொறுத்தருள்க. தொலைபேசி வாக்கில் முதலிடத்துக்கு 30 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 25, மூன்றாம் இடத்துக்கு 20 என்று விதி. வாக்கு எத்தனை விழுந்தது என்பது பொருட்டன்று. எந்த இடம் என்பதே பொருட்டு. எழுபது விழுக்காடு பெற்றவருக்கு 30. நான்கு விழுக்காடுகூடப் பெறாதவருக்கு 20. மலைக்கும் மடுவுக்கும் இடையிலிருந்த தொலைவு பத்துப் புள்ளியாகச் சுருங்கிற்று. எங்கள் முன்பதிவு அலுவலகத்தில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். முதல் எண்காரர் ஒரு திங்களுக்கு முன்னரே வந்து நின்றவராக இருப்பார். இரண்டாம் எண்காரர் நேற்று மாலை வந்தவராக இருப்பார். பட்டியலைப் பார்த்தால் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கும்.

மாதிரிக் குழுவிலும் தான்ஷுகேய்ராஸே முதலிடம், அங்கும் 30. ஷனெலுக்கு 25. ஆக, பொதுமக்களின் இரு பகுதிகளிலும் சேர்த்து அம்மூவருக்கு இருந்த முன்னிலை பதினைந்து புள்ளி. நடுவரோ ஷனெலுக்கு 51 வழங்கி, தான்ஷுகேய்ராஸுக்கு 30 மட்டும் வழங்கினர். அங்கே வித்தியாசம் இருபத்தொன்று. இருபத்தொன்றில் பதினைந்து போக ஆறு. அந்த ஆறு புள்ளிதான் தோல்வி.

நடுவர் எதற்கு, மக்களே முடிவு செய்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. தொலைபேசி வாக்கில் ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம். பணம் உள்ளவன் விரல் ஓயும்வரை அழுத்தலாம். நம் தமிழ்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளிலும் மக்கள் வாக்கு வந்த நாளில், ஊர்ப்பிள்ளைக்கு வாக்குச் சேர்ப்பதற்காக உறவினர் அனைவரையும் எழுப்பிவிட்ட வீடுகள் நமக்குத் தெரியும். யூரோவிஷன் இறுதிப் போட்டியிலேயே, அண்டை நாட்டார் ஒருவருக்கொருவர் வாக்கை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற குறை எழுந்ததனால்தான் 2009 முதல் நடுவருக்குப் பாதிப் பங்கு கொடுத்தனர். ஆகவே எழுபது விழுக்காடு வாக்கு என்பது எழுபது விழுக்காடு மக்கள் என்று ஆகிவிடாது. ஆனால் இதைச் சொல்லி வாயடைக்க முயன்றவர்கள் ஒன்றை மறந்தனர். மாதிரிக் குழு கலீசியாவில் மட்டும் எடுத்ததன்று; நாடெங்கும் எடுத்தது. அவர்களும் அதே பாட்டைத்தான் முதலில் வைத்தார்கள். எனவே ஊர்ப்பற்று மட்டுமே அந்த வாக்கை விளைவித்தது என்று சொல்ல வழியில்லை.

ரசிகரின் சினத்துக்குக் காரணம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். நடுவருள் ஒருவர் முன்னர் ஷனெலுடன் பணிபுரிந்தவர் என்ற பேச்சும் கிளம்பிற்று. நிறுவனத்திலிருந்த தொழிற்சங்கத்தாரே முடிவை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். விதி தவறு, நடுவர் தேர்வு தவறு என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். அது குடிமக்களின் உரிமை. ஆனால் அத்தனை சினமும் போய் விழுந்த இடம் விதியை எழுதியவர் தலையன்று. பாடிய பெண்ணின் தலை. அவரோ விதியை எழுதவுமில்லை, நடுவரை அமர்த்தவுமில்லை. அழைத்தார்கள், ஆடினார், பாடினார். அதற்காகச் சமூக ஊடகங்களில் அவர்மேல் கொட்டிய வசையைத் தாங்கமாட்டாமல், அந்நாளில் ட்விட்டர் என்று பெயர் பெற்றிருந்த தளத்தைவிட்டுச் சில காலம் விலகினார். உடன் போட்டியிட்டுத் தோற்றவர்கள் அவருக்கு ஆதரவாகப் பேசினார்கள். தோற்ற பாடகருக்கு இருந்த பெருந்தன்மை ரசிகருக்கு இல்லாமற் போயிற்று.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்போன்றார் இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கலீசியா ஸ்பெயினின் வடமேற்கு மூலை. மழை மிகுந்த, வறுமை மிகுந்த நாடாக நெடுங்காலம் இருந்தது. அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர் பல இலட்சம். அர்ஜென்டினாவில் குடியேறியவர் தொகை எவ்வளவு என்றால், அந்நாட்டார் ஸ்பெயினிலிருந்து வந்தவர் எவராயினும் அவரைக் ‘கலீசியர்’ என்றே அழைப்பது வழக்கமாயிற்று. வடபுலத்தில் நெல்லூர்க்காரரும் கொச்சிக்காரரும் நாமும் ஒன்றாக ‘மதராஸி’ ஆனதை நினைத்துக்கொள்க. மற்றொரு பெருங்கூட்டம் கியூபாவின் ஹவானா நகருக்குப் போயிற்று. அங்கே அவர்கள் சங்கம் அமைத்தார்கள், மாளிகை எழுப்பினார்கள். கலீசிய நாட்டுப்பண் முதன்முதலில் பொது அரங்கில் பாடப்பெற்றது கலீசியாவிலன்று. 1907ஆம் ஆண்டில் ஹவானாவில்! தாய்மண்ணில் ஒலிப்பதற்கு முன் புலம்பெயர்ந்தோர் கூடிய அரங்கில் ஒலித்த பண் அது.

ஷனெல் பிறந்தது அதே ஹவானாவில். மூன்று வயதில் குடும்பத்தாரோடு ஸ்பெயினுக்கு வந்து, கட்டலோனியாவில் ஒலேசா என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். ஒரு பக்கம், வீட்டிலும் வயலிலும் மட்டும் வழங்கி வந்த தாய்மொழி முதல்முறையாகப் பெருமேடை ஏறவேண்டும் என்ற ஏக்கம். மறுபக்கம், வந்த இடத்தில் உழைத்து உயர்ந்த குடியேறிய வீட்டுப் பெண். வெளியில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வாழும் நாம் இவ்விருவரில் யார் பக்கம் நிற்போம்? என்னைக் கேட்டால், பாட்டு ‘டெர்ரா’வே. பாடகி மீது ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

மொழியின் ஏக்கம் என்று சொன்னது வெறும் அலங்காரமன்று. 1968ஆம் ஆண்டில் ஸ்பெயினின் சார்பில் பாடத் தேர்வானவர் ஜோன் மனுவேல் செர்ராட். அவர் கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். அப்போது பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி. கட்டலான், கலீசியம், பாஸ்க் ஆகிய மொழிகள் பொது வாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த காலம். இசைவு கிடைக்கவில்லை. செர்ராட் விலக, மாசியேல் என்பவர் அவசரமாக வரவழைக்கப்பட்டு, அதே பாட்டை ஸ்பானியத்தில் பாடினார். இலண்டனில் நடந்த போட்டியில் 29 புள்ளி பெற்று, 28 பெற்ற பிரிட்டனை ஒரே புள்ளியில் வென்றார். ஸ்பெயினின் முதல் வெற்றி அதுதான். பாட்டும் வென்றது, நாடும் வென்றது, மொழி மட்டும் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்துத் தான்ஷுகேய்ராஸ் தோற்ற இரவில் கலீசியரும் கட்டலானியரும் ஏன் அப்படிக் குமுறினர் என்பது இதைத் தெரிந்தவர்க்கு விளங்கும்.

பிறகு நடந்தது வேடிக்கை. 2022 மே 14ஆம் நாள் இத்தாலியின் துரின் நகரில் இறுதிப் போட்டி. போரின் நடுவிலிருந்து வந்த உக்ரைன் 631 புள்ளிகளோடு வென்றது. பிரிட்டன் 466. மூன்றாம் இடம் ஷனெலுக்கு, புள்ளி 459. 1995க்குப் பின் ஸ்பெயின் கண்டிராத இடம் அது. நடுவர் தந்தவை 231. பல நாட்டு மக்கள் தந்தவை 228. நடுவர் வரிசையிலும் மூன்றாவது, மக்கள் வரிசையிலும் மூன்றாவது. உள்நாட்டில் நான்கு விழுக்காடுகூடத் தேறாத பாட்டு வெளிநாட்டில் இவ்விரு சாராரையும் ஒருங்கே கவர்ந்துவிட்டது. மறுநாள் மாட்ரிட் நகரின் பெருஞ்சதுக்கத்தில் மக்கள் திரண்டு அவரைக் கொண்டாடினர். ஜனவரியில் வைதவர்களில் எத்தனை பேர் அக்கூட்டத்தில் நின்று கைதட்டினார்களோ!

இதைக் கொண்டு நடுவர் சொன்னதே சரி என்று முடித்துவிடுவாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுமுறை, 2023இல், அதே பெனிடோர்ம் விழாவில் வென்று லிவர்பூலுக்குச் சென்ற பாடகி 17ஆம் இடமே பெற்றார். மக்கள் வாக்கில் கிடைத்தவை ஐந்தே புள்ளி. 2024இல் 22ஆம் இடம். துரினில் ‘டெர்ரா’ ஒலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. அன்றியும், ஷனெல் இருபதாம் இடம் பெற்றுத் திரும்பியிருந்தால் அந்த வசையெல்லாம் நியாயமாகிவிட்டிருக்குமா?

2025 டிசம்பரில், இசுரேலைச் சேர்த்துக்கொண்டதை முன்னிட்டு, 2026ஆம் ஆண்டுப் போட்டியில் தான் பங்கேற்பதில்லை என்று ஸ்பெயின் அறிவித்துவிட்டது. அது தனிக்கதை, அதை இங்கே விரிக்கவில்லை. 1961 முதல் 2025 வரை அந்நாடு அனுப்பிய பாட்டுகளின் வரிசையை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஸ்பானியம், சில ஆங்கிலம் கலந்தவை, ஒன்று முழுதும் ஆங்கிலம். கலீசிய மொழியில் ஒரு பாட்டும் இல்லை.