பத்தியத்திற்கும் ஒரு முடிவுநாள் வேண்டும்

எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சியை நம் வீடுகள் கரப்பான் என்றே அறிந்திருக்கின்றன. அப்பெயரைக் கேட்டவுடன் எழும் முதற் கேள்வி, "எதைத் தின்றதனால் வந்தது?" என்பதே. மறுநாளே கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை ஆகியவை அடுக்களையிலிருந்து விலக்கப்படுகின்றன. சில வாரங்களில் பாலும் மீனும் அவ்வரிசையில் சேர்கின்றன. கைக்குழந்தையாயின், பாலூட்டும் தாயின் உணவும் சுருங்குகிறது. இத்தனைக்குப் பின்னரும் பல குழந்தைகளுக்கு அரிப்புக் குறைவதில்லை. எடை மட்டும் குறைகிறது. இவ்வழக்கத்தைப் பற்றிய எங்கள் கருத்தை வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம்.

உணவுக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பே இல்லை என்பது எங்கள் வாதமன்று. மேலைநாட்டு ஆய்வுகளின்படி, மிதமான அல்லது கடுமையான எக்ஸிமா உள்ள சிறு குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமையும் காணப்படுகிறது. எனினும் நோயின் வேர் பெரும்பாலும் தோலிலேயே உள்ளது. தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்திற்குரிய மரபணுக் குறைபாடு இந்நோய்க்கு வலுவான காரணிகளுள் ஒன்று என்பது 2006-இல் கண்டறியப்பட்டது. காப்பு குன்றிய தோல் ஈரத்தை இழந்து வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே உணவுத் துகள்கள் உட்புகும்போது உடல் அவற்றைப் பகையாகக் கருதக்கூடும். ஆகவே பல குழந்தைகளிடம் எக்ஸிமா முந்தியது, ஒவ்வாமை பிந்தியது.

அவ்வுணவையே உரிய பருவத்தில் வாய்வழியாகப் பெறும் உடல் அதனை ஏற்கப் பழகுகிறது. 2015-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளுள் ஒரு பாதியினர் வேர்க்கடலையை உண்டு வந்தனர். மறுபாதியினர் அறவே தவிர்த்தனர். ஐந்து வயதில், தவிர்த்தவர்களுள் நூற்றுக்குப் பதினெழுவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. உண்டவர்களுள் நூற்றுக்கு மூவருக்கே இருந்தது. காரணமின்றி ஓர் உணவை நெடுநாள் விலக்குவது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைக்கு முட்டையையோ வேர்க்கடலையையோ முதன்முறை கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். முழுக் கடலை மூச்சுக்குழலில் அடைக்கும். சிறு குழந்தைக்கு அதனைக் கொடுக்கலாகாது.

பத்தியம் என்னும் முறையை நாங்கள் இகழவில்லை. நம் மரபில் பத்தியம் மருந்துண்ணும் காலத்திற்கு மட்டுமே உரியது. காலம் முடிந்ததும் அதனை முறிப்பதற்கும் முறை இருந்தது. இன்று நாம் காணும் பத்தியங்களுக்குத் தொடக்கம் மட்டுமே உண்டு. ஓர் உணவின்மீது ஐயம் எழுந்தால், மருத்துவரின் ஆலோசனையோடு நான்கு முதல் ஆறு வாரம் வரை அதனை மட்டும் விலக்கிப் பார்க்கலாம். பின்னர் அவர் கூறும் முறைப்படி மீண்டும் கொடுத்துப் பார்த்தாலன்றி ஐயம் தீராது. இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றை மட்டும் கொண்டு உணவுகளை நிறுத்துவது தவறு. அம்முடிவு உடலின் விழிப்பைக் காட்டும், நோயை உறுதிசெய்யாது. பாலை விலக்கினால் சுண்ணாம்புச் சத்துக்கும், முட்டையை விலக்கினால் புரதத்திற்கும் மாற்று என்ன என்பதை உணவியல் வல்லுநரிடம் அன்றே கேட்டறிய வேண்டும்.

உண்ட சில நிமிடங்களுக்குள்ளோ இரண்டு மணி நேரத்திற்குள்ளோ உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி தோன்றினால் அவ்வுணவை வீட்டில் மீண்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

உணவுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையேனும் தோலுக்குத் தாருங்கள். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் உலரும் முன்னரே ஈரங்காக்கும் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். ஒரு குழந்தைக்கே வாரம் 250 கிராம் அளவு தேவைப்படலாம். வெடித்த தோலில் கடலைமாவு, பயத்தமாவு தேய்ப்பதைத் தவிருங்கள். மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டு களிம்பை அச்சத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இறுதியாக, குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் தோல் சிவக்கும்போதெல்லாம் "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று தாயைக் கேட்காதீர்கள். பசித்த தாயால் குழந்தையின் தோல் ஆறுவதில்லை. அடுத்த முறை எங்களிடம் வரும்போது, நிறுத்திய உணவுகள் யாவை, எந்நாள் முதல், எவர் சொல்லி என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அவற்றுள் எவற்றைக் குழந்தையின் தட்டுக்குத் திருப்பித் தரலாம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.