‘கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க’

‘உங்க குழந்தை, நீங்கதான் முடிவு பண்ணணும்.’ பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சொல்லப்படும் இந்த வாக்கியத்துக்குப் பெற்றோர் உரிமை என்று பெயர். கைகழுவுவது என்றே நான் சொல்வேன்.

26 வாரத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் போதாது. மூச்சுக்குழாய் வழியே அதைச் செலுத்தி வென்டிலேட்டரில் வைக்கிறார்கள். மூளைக்குள் ரத்தம் கசியலாம். உயிர் காக்கும் ஆக்சிஜனே அளவு மீறினால் விழித்திரையைக் கெடுக்கலாம். பிழைத்த பிள்ளை துறுதுறுவென்று ஓடவும் செய்யும், மூளை முடக்குவாதத்தோடு வளரவும் செய்யும். எது என்று முதல் சில நாட்களில் வல்லுநர்களாலேயே அறுதியிட முடியாது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் தகப்பன் அரைமணி நேரத்தில் என்னத்தை முடிவு பண்ணுவான்?

காசு தீர்ந்த அன்று ஒரு தாள் நீட்டப்படுகிறது: ‘மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம்.’ இதில் இரண்டு விதமான குடும்பங்கள் கையெழுத்துப் போடுகின்றன. ஒன்றின் குழந்தைக்கு மீளவே வழியில்லை. இயந்திரம் வேதனையைத்தான் நீட்டிக்கும். மற்றதன் குழந்தை இன்னும் சில வாரம் கவனித்தால் பிழைக்கும், பணம்தான் இல்லை. முன்னதை நிறுத்துவது கருணை, பின்னதை நிறுத்துவது கொடுமை. ஒரே தாள் இரண்டையும் மூடிவிடுகிறது. கருணைக்குரிய குழந்தைக்கும் கருணை கிடைப்பதில்லை. வலிமருந்துகூட இல்லாமல் வழியிலேயே மூச்சுத் திணறிப் போகிறது.

‘சட்டம் விடாதே சார்’ என்பார்கள். மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புக் கருவிகளை விலக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது; 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. முன்கூட்டி எதுவும் எழுதி வைக்காதவர்களுக்கும் அதில் வழி உண்டு: இரண்டு மருத்துவக் குழுக்கள், உறவினரின் சம்மதம்.

பெற்றோர் விருப்பம் மட்டுமே அறம் ஆகிவிடாது. 1982இல் அமெரிக்காவின் புளூமிங்டனில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஒரு குழந்தைக்கு உணவுக்குழாய் அடைபட்டிருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள் பெற்றோர், நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆறே நாளில் குழந்தை போய்விட்டது.

மருத்துவர் தன் கருத்தை ஒளிக்காமல் சொல்லட்டும். பெற்றோரோடு உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். வழியில்லை என்றால் தாயின் மடியில், வலியில்லாமல், அங்கேயே முடியட்டும். வழியிருந்து பணமில்லை என்றால் மூச்சுதவியோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அதுவும் முடியாது என்றால், அந்தத் தாளில் ‘காரணம்: பணம் இல்லை’ என்றாவது எழுதட்டும்.