கணினியின் மரண வாக்குமூலம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்

என் தந்தை மோட்டார் காயில் கட்டுபவர். கிணற்று மோட்டார் கருகிவிட்டால், "பயிர் வாடுதப்பா, சீக்கிரம் கட்டிக் கொடு" என்று விவசாயி அவசரப்படுத்துவார். தந்தையோ கருகிய காயிலை அறுத்தெறியுமுன் சற்று உற்றுப் பார்ப்பார். எல்லாச் சுற்றும் ஒருசேரக் கருகியிருந்தால் அதற்கு ஒரு காரணம். ஒரு பேஸ் மட்டும் தப்பியிருந்தால், லைனில் ஒரு பேஸ் வராமல் மோட்டார் ஓடியிருக்கிறது என்பார். காரணம் காணாமல் கட்டிய மோட்டார் மறுமாதமே திரும்பி வரும் என்பது அவர் அனுபவம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு, இந்தப் பாடம் கணினி ஆய்வகத்தில் நினைவுக்கு வந்தது. சென்ற பருவத்தில் ஒரு கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி விழுந்தது. திரையில் வந்ததைப் படிக்குமுன்னே தானாக மீண்டும் எழுந்தது. தடயம் ஏதுமில்லை, பழி மட்டும் இருந்தது! கடைசியாக அதில் அமர்ந்த மாணவன் எதையோ தொட்டுவிட்டான் என்றார்கள். கல்லூரிக்கு வந்த பிறகே விசைப்பலகையைத் தொட்டவன் அவன். மறுத்துப் பேசவும் தெரியவில்லை.

இயங்குதளத்தின் உயிர்நாடி கெர்னல். அது மீளமுடியாத பிழையில் சிக்கும்போது, நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதிவைக்கச் சொல்லலாம். இதுவே கிராஷ் டம்ப். கணினியின் மரண வாக்குமூலம் எனலாம். எங்கள் ஆய்வகத்தில் வட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வாக்குமூலத்துக்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விண்டோசில் முழு டம்ப் கேட்டால், 8 ஜிபி நினைவகத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும். எழுதி முடிக்க நேரமும் ஆகும். கடவுச்சொற்களும் அதில் சிக்கலாம். சிறு டம்ப்பில் பிழை எண், டிரைவர் பட்டியல் போன்ற சிலவே கிடைக்கும். லினக்சிலோ 2005இல் வந்த கேடம்ப் முறை, விழுந்த கெர்னலை நம்பாமல் இரண்டாவது கெர்னல் ஒன்றைக் காத்திருக்க வைக்கிறது. அதற்கென ஒதுக்கிய நினைவகம் வேறெதற்கும் பயன்படாது. மருத்துவமனைக் கணினி உடனே எழவேண்டும் என்பதும் நியாயமே.

ஆனால், எழுந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று பொருளா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. அவற்றில் பல எழுந்தன, விழுந்தன, மீண்டும் எழுந்தன, மீண்டும் விழுந்தன! பிழை எந்த டிரைவரில் என்பதை மைக்ரோசாஃப்ட் உறுதிசெய்தது, விழுந்த கணினிகளின் டம்ப்புகளை ஆராய்ந்துதான்.

ஆகவே ஆய்வகத்துக்கு நடுவழியே நல்லது என்பேன். கெர்னல் டம்ப் போதும்; தானாக மீண்டும் தொடங்குவதை நிறுத்துவோம்; கோப்பைப் பொறுப்பாளர் மட்டுமே திறக்கட்டும். பேராசிரியரின் அனுமதியோடு அப்படியே மாற்றினோம். அடுத்த முறை விழுந்தபோது, நெட்வொர்க் கார்டின் பழைய டிரைவர் அகப்பட்டது. மாணவன் தலைநிமிர்ந்தான்.

நண்பர்களே! சாட்சியம் இல்லாத இடத்தில் பழி எளியவன் தலையில்தான் விழும். சில ஜிபி இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒருவனது மானத்தைச் செலவழிக்கலாமா?